எண்பத்து மூன்று சென்

கெரிஞ்சியில் எங்கள் அலுவலகம் பத்தொன்பதாம் மாடி.
கோலாலம்பூர் மழை முதலில் எங்கள் கண்ணாடியில்தான் விழும்.

கடன் கொடுக்கும் கம்பெனியிலிருந்து சியூ வந்தார்.
உரிமம் உள்ள கம்பெனி. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம்.
"பணம் தேவைப்படுகிறவர்கள் வேண்டும்" என்றார்,
மீன்கடையில் நிறுத்துக் கேட்பதுபோல.

தேவைப்படாதவர் யார் என்று சிரித்துவிட்டு
வடிகட்டத் தொடங்கினேன்.
செந்தூல், கெப்போங், ஸ்தாப்பாக்.
முப்பத்தைந்திலிருந்து ஐம்பது.
மாதம் இருபது தாண்டினால்
இரவு ஒரு மணிக்கும் திரையை அணைக்காதவர்.
வேலைவாய்ப்புப் பக்கங்களில் நின்று நின்று நகர்ந்தவர்.
பழைய கார் என்ன விலை போகும் என்று
ஒரே வாரத்தில் மூன்று முறை பார்த்தவர்.
தமிழ் வாசிப்பவர்.

நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு பேர் என்றது கணினி.
ஃபரிடா கை தட்டினாள்.

வாசகம் எழுதுவது என் வேலை.
தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்:
"வீட்டுக்குத் தெரிய வேண்டாம். நாங்கள் இருக்கிறோம்."
சியூவுக்கு மலாயில் சொன்னேன்.
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

செந்தூல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில்
விளக்குக் கம்பமெல்லாம் ஆலோங் சீட்டு.
பெரிய எழுத்தில் தொலைபேசி எண், மழையில் ஊறிய பசை.
எல்லாரையும் பார்த்து ஒரே மாதிரி கத்தும்.
நின்று வாசித்தவன் யாரென்று அதற்குத் தெரியாது.
அந்த மட்டில் அது யோக்கியம்.

இருபத்து நான்காம் தேதி இரவு
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
கூடத்தில் விளக்கு இல்லை.
லோகேந்திரனின் முகம் மட்டும் நீலமாக இருந்தது.
பின்னால் நான் நிற்பது தெரியாமல்
கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனவர்
ஓரிடத்தில் நிறுத்தினார்.

என் வாக்கியம்.
நான் தேர்ந்த மஞ்சள். நான் வைத்த முற்றுப்புள்ளி.

பதினான்கு வருஷம் ஒரே கட்டில்.
தீபாவளிக்கு நான் போட்ட படத்தில்கூடச் சிரித்தார்,
இருநூறு பேர் இதயம் போட்டார்கள்.
இவருக்கு வேலை போனது
எனக்கு முன்னே என் வடிகட்டிக்குத் தெரிந்திருக்கிறது.
காலையில் டை கட்டிக்கொண்டு எங்கே போகிறார்?
விற்பதென்றால் எந்தக் காரை?
பிள்ளையைப் பள்ளியில் விடும் அந்த மைவியையா?

கேட்கலாம்.
உனக்கு எப்படித் தெரியும் என்பார்.

தண்ணீர் குடிக்காமலே திரும்பி
சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டேன்.
வெகுநேரம் கழித்துக் கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது.

காலையில் "பசியாறிட்டியா?" என்றார், எப்போதும்போல.
பசியாறிட்டேன் என்றேன்.
சட்டைப் பொத்தானை ஒன்று தவறிப் போட்டிருந்தார்.
கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன்.
என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பத்து மணிக்கு அறிக்கை வந்தது.
அழுத்தியவர்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஓர் ஆளுக்கு எண்பத்து மூன்று சென்.
இந்த வருஷத்தில் இதுதான் மலிவு என்றாள் ஃபரிடா.
சியூ இன்னும் ஒரு வாரம் நீட்டச் சொல்லியிருந்தார்.

தேதி, மணி, வட்டாரம், கைப்பேசியின் ரகம்,
எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன்.
செந்தூலில், ஒன்று பத்துக்கும் ஒன்று இருபதுக்கும் நடுவே
ஏழு பேர்.
அந்த ஏழில் அவர் உண்டா இல்லையா,
அதை மட்டும் காட்டவில்லை.
பெயர்கள் வராது.
உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம் என்று
பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.
அதையும் நான்தான் எழுதினேன்.