வட்டத் தலை

மீன்கடைக்காரன் கிடத்துவதுபோல
மூன்று மட்டைகளைக் கிடத்தினான் சாத்தூரியோ.
வைரத் தலை ஒன்று, கறுப்பு, கார்பன் முகம்.
கையில் எடுத்ததுமே யாரையோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.
அடுத்தது கண்ணீர்த்துளி வடிவம்.
அதை நான் தொடவில்லை, பெயர் பிடிக்கவில்லை.
மூன்றாவது வட்டம். வெளிர் மஞ்சள், கண்ணாடியிழை.
கிலுகிலுப்பை ஒன்று வளர்ந்து பெரிதானதுபோல.

எத்தனை நாளாக ஆடுகிறீர்கள்?
ஆறு வாரம்.
பந்து எங்கே போகிறது?
கம்பிவலைக்கு அப்பால், கார் நிறுத்துமிடத்துக்கு.
ஒருமுறை நோட்டரியின் கார் கூரைமேல்.
அவன் சிரிக்கவில்லை.
அதற்காகவே மிச்சத்தையும் கேட்டேன்.

நான் சரகோசாவில் டிராம் ஓட்டுகிறவள்.
எப்ரோ பாலத்தில் வடமேற்குக் காற்று
விலாவில் குத்தும் நாளிலும்
நடைமேடைக் கோட்டுக்கு ஒரு சாண் பிசகாமல் நிறுத்துவேன்.
அத்தனை டன் இரும்பு சொன்ன பேச்சுக் கேட்கிறது,
ஐம்பத்தெட்டு கிராம் ரப்பர் கேட்பதில்லை.
இதைப் பணிமனையில் யாரிடம் சொல்வது?

வைரத்தில் எடை உச்சியில் இருக்கிறது என்றான் சாத்தூரியோ.
சரியாகப் பட்டால் இடி.
ஆனால் சரியான இடம் மேலே, ஒரு பிஸ்கட் அளவு.
வட்டத்தில் அது நடுவில், சாப்பாட்டுத் தட்டு அளவு;
தப்பாக அடித்தாலும் பாதி மன்னிக்கும்.
எடை பிடிக்குப் பக்கத்தில். உள்ளே மெத்தென்ற நுரை.
முந்நூற்று ஐம்பத்தைந்து கிராம், அதற்குமேல் வேண்டாம்.
மேலே போனால்?
புதன்கிழமை காலை காபிக் கோப்பை கனக்கும் என்று
தன் முழங்கையைத் தடவிக்கொண்டான்.
கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆடாதீர்கள்,
உங்களுக்காக இல்லை, ஜோடிக்காக.

ஜோடி யாரென்று அவனுக்குத் தெரியாது.
ப்ளாஸா. என் முன்னாள் கணவனின் தங்கை.
விவாகரத்தில் வீடு அவனுக்கு, நாய் எனக்கு.
ப்ளாஸா யாருக்கு என்று
எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை.
அவளே ஒருநாள் அழைத்தாள்:
செவ்வாய் இரவு ஒன்பதரை, மைதானம் பதிந்துவிட்டேன்,
உன்னிடம் ஷூ இருக்கிறதா, ஒரோசியா?

மஞ்சளுக்குப் பணம் கொடுத்தேன்.
கறுப்பைத் திருப்பி வைக்கக்
கொஞ்சம் நேரமானது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் செவ்வாய், மருந்துக்கடைச் சகோதரர்கள் எதிரில்.
பந்து என்னைக் கடந்து பின்கண்ணாடியில் மோதியது.
ஓடிப்போய் விளாசத் துடித்த கையை
ஒரு கணம் நிறுத்திவைத்தேன்.
பிரேக் எப்போதும் இடித்த பிறகு போடுவதில்லை அல்லவா,
ஆனால் இங்கே மோதட்டும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.
சுவர் பந்தை என் இடுப்புயரத்துக்குத் திருப்பித் தந்தது.
மட்டையை அதன் கீழே வைத்தேன், அவ்வளவுதான்.
டொப்.
மெதுவாக ஏறி, விளக்குக்கு அருகே சோம்பலாகத் திரும்பி,
மூத்தவனின் முதுகுக்குப் பின்னால் இறங்கியது.

ஆட்டம் தோற்றோம். ஆறுக்கு மூன்று.
ஒரு பந்தும் வேலியைத் தாண்டவில்லை.

வெளியே வந்தபோதுதான் உறைத்தது.
முன்பெல்லாம் பந்தைத் தேடி
செல்பேசி வெளிச்சத்தில் கார்களுக்கு அடியில் குனிந்தபடிதான்
நாங்கள் பேசிக்கொள்வோம்.
அவன் மறுபடி புகைக்கிறான் என்று
ஒரு வெள்ளை வேனுக்கடியில்தான் சொன்னாள்.
அம்மா உன்னைக் கேட்கிறாள் என்றது
நோட்டரியின் சக்கரத்தருகே.
முகம் பார்க்காமல் சொல்ல வசதியான விஷயங்கள்.

இப்போது சாவியை விரலில் சுழற்றியபடி
ப்ளாஸா நிற்கிறாள்.
நான் மஞ்சள் மட்டையின் உறையை
மூடியதையே திரும்ப மூடுகிறேன்.

போன வாரத்தில் ஒன்று கிடைக்கவே இல்லையே, என்றாள்.
எந்தப் பக்கம்?
ஞாபகமில்லை என்று
செல்பேசி விளக்கைப் போட்டாள்.