பதினொன்றாம் கேள்வி

துவாஸுக்கு ஒரு லாரி.
போகையில் மணிக்கு அறுபது கிலோமீட்டர்,
அதே வழியில் திரும்புகையில் இருபது.
சராசரி வேகம்?

கூட்டினேன், பாதியாக்கினேன்: நாற்பது.
மிஸ் லோ சிவப்பு மையில் முப்பது என்றார்.
ஏன் என்று எழுதவில்லை.

உட்லண்ட்ஸ் போகும் பேருந்து
மழையில், விரைவுச்சாலையில், அசையவில்லை.
கண்ணாடிக்கு நேரே ஒரு லாரியின் பின்பலகை,
வட்டத்துக்குள் 60.
மேலே தார்ப்பாய்க்கடியில் பத்துப் பேர்.
ஒருவர் காலணியைக் கழற்றி
உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டுகிறார்,
அவசரமே இல்லாமல்.

தூரம் ஒன்றுதான்.
இருபதில்தானே
மூன்று மடங்கு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்!
எப்படி நாற்பதாகும்?

திருத்தத்தில் முப்பது என்று அழுத்தி எழுதினேன்.
இறங்கிய பிறகுதான் கவனித்தேன்,
அலகு போடவில்லை.