திருப்பித் தரக்கூடியது

பிர்னோ நிலையம், மூன்றாம் கவுண்ட்டர்,
பன்னாட்டுப் பயணச்சீட்டுகள்.
கண்ணாடியில் குரல் போக மட்டும்
வட்டமாய்ப் பதினோரு துளைகள்.
அந்தப் பக்கம் ஊர் முழுக்க.
இந்தப் பக்கம் நானும் ஒரு மேசை விசிறியும்.

செவ்வாய்தோறும் வருவார் லுபோமீர் காட்லெட்ஸ்.
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
விரல் ரேகைகளில் கிரீஸ் நிரந்தரமாய்க் குடியிருக்கும்.
"கெண்ட் நகரத்துக்கு, நவம்பர் பத்தொன்பது,
ஒரு ஆள், இரண்டாம் வகுப்பு. எவ்வளவு?"
சொல்வேன்.
மருந்துக்கடை ரசீதின் முதுகில் எழுதிக்கொள்வார்.
"யோசிச்சுச் சொல்றேன்."
முட்டைக்கோஸ் சந்தையில்
விலை மட்டும் கேட்டு நகர்கிறவர்களின் நடை.

ஆகஸ்டில் ஆயிரத்து எழுநூறு கொருனா.
செப்டம்பரில் இரண்டாயிரத்து நூறு.
மலிவு இருக்கை ஒரு வண்டிக்கு இத்தனைதான்,
தீர்ந்தால் அடுத்த படி,
அதுவும் தீர்ந்தால் அதற்கும் மேல்.
"உங்க லிஃப்ட்டாவது கீழே இறங்கும்," என்றேன்,
"இது ஏறினா ஏறினதுதான்."
சிரிக்கவில்லை மனிதர்.
அதையும் குறித்துக்கொண்டார்.

அங்கே யார் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.
"யானா."
மகளா, மனைவியா, வேறு யாரோவா?
பதினோரு துளை வழியே கேட்கிற கேள்வியா அது.
பின்னால் ஆறு பேர்,
ஒருவர் கையில் பூனைக்கூடை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.
வேலை முடிந்த ஒரு மாலை
அவருக்காக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.
வியன்னா வரை தனியாக எடுத்தால் இவ்வளவு.
அங்கிருந்து பிராங்க்பர்ட்,
இரவெல்லாம் உட்கார்ந்தே போனால் இன்னும் குறைவு.
பாஸ் எடுக்கலாம்தான்.
ஒரே ஒரு பயணத்துக்குப் பாஸ்,
ஒரு டம்ளர் பாலுக்கு மாடு பிடிக்கிற கதை.
இருக்கை முன்பதிவு, நடுவழியில் ஒரு சூப்,
கழிவறைக்குச் சில்லறை, அது யூரோவில்.
பிரஸ்ஸல்ஸ் முதல் கெண்ட் வரை கடைசி அரைமணி நேரம்:
இன்று வாங்கினாலும் ஏறும்போது வாங்கினாலும் ஒரே விலை.
அந்தத் தூரத்தை மட்டும் யாரும் ஏலம் விடவில்லை.

தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.
இரண்டு முறை படித்தார்.
"கூட்டல் சரி," என்றார்.
"ஆனா கஷ்டமே அந்தக் கடைசி அரைமணி நேரம்தான்."
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
அன்றும் வாங்காமல் போனார்.

நவம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை.
செவ்வாய் வராமல் திங்களில் வந்ததே எனக்குத் திக்கென்றது.
"பெர்லின் வழியா ஒரே ஒரு இடம் இருக்கு,
மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி.
மாத்த முடியாது, திருப்ப முடியாது.
முழுக் கட்டணம்னா ஆறாயிரத்து முன்னூறு.
எந்த வண்டியிலயும் ஏறலாம்,
ஏறாமலும் இருக்கலாம், பணம் திரும்பக் கிடைக்கும்."

"ஏறாமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"அப்ப அதுதான்."

நோட்டுகளை எண்ணி வைத்தார், மெதுவாக,
ஒன்றின்மேல் ஒன்று ஓரம் பொருந்த.
மூன்று மாதமாய் விலை இறங்கக் காத்திருக்கிறார் என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.
மிச்சம் பிடிக்க வழி தேடித் தாள் நிரப்பியவள்.
அவர் கேட்டுக்கொண்டிருந்தது
போவதற்கான விலையை அல்ல.

திருப்பித் தரப் பதினைந்து நாள் அவகாசம்.
இரண்டு செவ்வாய் போயின.
ஒருநாள் அதே சாம்பல் தொப்பி வரிசையில் தெரிந்தது;
நிமிர்ந்தால் வேறு முகம்,
ஓலோமோட்ஸுக்கு இரண்டு, முதியோர் சலுகையில்.

டிசம்பர் நான்கு, மாலை ஆறு.
கவுண்ட்டரை மூடுமுன்
பணம் திரும்பப் பெறும் படிவக் கட்டை எண்ணினேன்.
ஐம்பது.
காலையிலும் ஐம்பது.

வீட்டுக்கு வந்தால் எங்கள் லிஃப்ட் கதவில் ஒரு காகிதம்:
பழுது. பார்ப்பவர் ஊரில் இல்லை.
கீழ்வீட்டு மிலாதா அம்மாள் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
அவள் பையையும் வாங்கிக்கொண்டு
நான்கு மாடி ஏறினேன்.
எந்தப் படியிலும் விலை கூடவில்லை.