முக்கால்

முசுசுவில் மழை விட்ட திங்கட்கிழமை.
ஏழாம் வகுப்புக்கு வெளியே
உடைந்த சைக்கிள்கள் ஆறு, சேறோடு.
ஆறையும் பிரித்து ஒன்று செய்யுங்கள் என்றார்
லுஹாங்கா டீச்சர்.
ஐம்பது கிலோ மக்காச்சோளத்தோடு
அது மேட்டு மில்லுக்கு ஏற வேண்டும்,
யாரும் இறங்கித் தள்ளாமல்.
பலகையில் ஒரு கோடு மட்டும் கிழித்தார்.
கோட்டுக்கு மேலே பெடல் பக்கத்துப் பற்கள்,
கீழே பின்சக்கரத்துப் பற்கள்.

லுசுங்கு எண்ணினான்: நாற்பத்தைந்து.
தொடங்கிய பல்லையே கடைசியிலும் எண்ணியிருந்தான்.
வெஸி ஒரு பல்லுக்கு மட்டும் சாக்கட்டி பூசினாள்.
நாற்பத்து நான்கு.
பின்னால் பதினாறு.
நாலால் சுருக்கினால் இரண்டே முக்கால்.

"பெடல் ஒரு சுற்று, சக்கரம் இரண்டே முக்கால்!"
சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.
தொகுதி பெருக்கப் பெருக்க வேகம்,
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
மைதானத்தில் பறந்தான்.
ஒரு ஆடு வழிவிட்டது.

மூட்டையைக் கட்டியதும் வேறு கதை.
மேட்டின் மூன்றாவது மின்கம்பத்தில்
சங்கிலி முனகியது.
நான்காவது கம்பத்துக்கு அவன் போகவேயில்லை.
பகுதி, தொகுதி, மூட்டை எல்லாம் அவன்மேல் சரிய
சந்திப்பில் காத்திருந்த கபாசாக்காரர்கள்
வாடகைக்கு ஆள் கேட்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

வெஸி குப்பையைக் கிளறி எடுத்தது
முன்னால் இருபத்து நான்கு,
பின்னால் முப்பத்து இரண்டு.
எட்டால் சுருக்கினாள்.
இரண்டைக் காணோம். வெறும் முக்கால்.

"ஒன்று கொடுத்து முக்கால் வாங்குவாயா?
சந்தையில் தக்காளி விற்கும் உன் அம்மாவிடம்
இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்."
வெஸி பதில் சொல்லவில்லை.
டயரில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு
பெடலைக் கையால் நாலு முறை சுற்றினாள்.
கோடு மூன்று முறை கீழே வந்தது.
நாலு, மூன்று. நாலு, மூன்று.
டீச்சர் ஏதோ சொல்ல வந்து
வாயை மூடிக்கொண்டார்.

தமிழில் இதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு.
நாலில் ஒன்றும் கால், மிதிப்பதும் கால்.
வெஸியின் மொழியில் அப்படியில்லை.
ஆனாலும் முழங்காலுக்குக் கீழே அன்று அவளுக்கு
ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது.

மூன்றாவது கம்பம்.
நான்காவது.
நத்தை தேவலாம் என்று யாரோ கத்தினார்கள்.
அவள் கால்கள் காற்றாடியாய்ச் சுற்ற
சக்கரம் மட்டும் கல்யாணத்துக்குப் போகிறதுபோல்
அசைந்து அசைந்து ஏறியது.
ஏழாவது கம்பத்தில் சத்தமெல்லாம் அடங்கி
சங்கிலி மட்டும் கேட்டது.
மில்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து
"தள்ளாமலா?" என்றார்.

வெள்ளிக்கிழமைப் பரீட்சையில் ஒரு கேள்வி:
இரண்டே முக்கால், முக்கால். எது பெரியது?
வெஸி சரியாகத்தான் எழுதியிருந்தாள்.
பக்கத்தில், பொடி எழுத்தில்,
'மூட்டை உண்டா?'
சிவப்பு மை அங்கே வந்து
ஒரு புள்ளியாய் ஊறி நின்றிருக்கிறது.

சனிக்கிழமை பள்ளி இல்லை.
பூட்டிய வகுப்பின் வாசலில்
லுசுங்கு குந்தியிருக்கிறான், தனியாக.
வெள்ளை பூசிய பல்லில் தொடங்குகிறான்.
ஒன்று.