உள்வளையம்

வியாழக்கிழமை. இடிகரையில் கரண்ட் இல்லை.
ரேணுகாதேவியின் அச்சு இயந்திரம் ஆறிக் கிடந்தது.
பம்புசெட்டு வாஷர்களை முழங்கையால் ஒதுக்கி
மேசையில் இடம் செய்தாள்.
இஞ்சினிலிருந்து கழற்றிய பழைய வளையத்தை வைத்தேன்.

விரலால் ஒரு சுற்று வந்தவள் சொன்னாள்:
"ஒரே வளையமாட்டத் தெரியிலீங்களே."

ஒரே வளையம்தான்.
பாதி இன்னும் நகத்துக்கு இடம் கொடுக்கிறது.
மறுபாதி, ஸ்பார்க் பிளக் இருந்த பக்கம்,
தட்டையாகி, கருத்து, தொட்டால் உதிர்கிறது.
பிஸ்டன் இஞ்சினில் மூச்சிழுப்பதும் வெடிப்பதும் ஒரே அறையில்;
குளிரும் சூடும் முறை வைத்து வரும்.
இது ரோட்டரி. மூன்று மூலை ரோட்டர் சுற்றச் சுற்ற
ஒரு பக்கம் எந்நேரமும் காற்று,
ஒரு பக்கம் எந்நேரமும் தீ.
உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே
ஒரு ரப்பர் பாதி மட்டும் கிழடாகிவிட்டது.

உள்ளே தீ, வெளியே தண்ணீர்,
நடுவில் மூன்று மில்லிமீட்டர்.
கிளுவை வேலி ஒரு முழம்
இக்கட்டா அக்கட்டா என்று
பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்களை
எனக்குத் தெரியும்.
அங்கேயாவது நடுவில் ஆள் விட்டுப் பேசலாம்.

கூலண்டில் எட்டு நாள் கொதித்த மூன்று துண்டுகளை
இட்லிச் சட்டியிலிருந்து எடுத்து வைத்தாள்.
(சட்டி இனி வீட்டுக்குத் திரும்பாது.
அவள் கணவர் புதுசு வாங்கிவிட்டார்.)
ஈ.பி.டி.எம். தண்ணீரோடு
எத்தனை வருஷமும் குடித்தனம் நடத்தும்;
ஆயில் பட்டால் உப்பிக்கொள்ளும்.
விட்டான் ஆயிலுக்கு அசையாது, சூட்டுக்கு அசையாது;
கொதிக்கிற தண்ணீர்தான் நாள்பட ஆகாது.
சிலிக்கானுக்குச் சூட்டில் பயமில்லை,
ஒரு பிசிறு கீறினால் போதும், ஓடிக் கிழியும்.
"எல்லாத்துக்கும் ஒண்ணே ஆகறதில்லீங்க"
காலிப்பரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு இது தெரியாததல்ல.
போன தடவை கயிறாக வாங்கி, அளந்து வெட்டி,
பசையால் ஒட்டிய வளையம்.
மிச்சம் பிடித்தது ஒன்பதாயிரம்.
செட்டிபாளையம் டிராக்கில் நாலாவது சுற்று.
பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக
என் வெள்ளைப் புகைக்குள் நுழைந்து
வெளியே வந்தன.

அப்புறம் இரும்புத் தட்டைத் திருப்பி
ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன்.
வளையம் உட்காரும் காடி.
அதன் உள்கரையில் கடுகளவு மூன்று குழிகள்.
வண்டிக்காரர் திருப்பூர், பனியன் கம்பெனி.
ரேடியேட்டருக்கு வருஷக்கணக்காக
ஆயிரத்து நூறு அடி போர்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.
உப்பு எந்த வளையத்தையும் தொடவில்லை;
கரையைத் தின்றிருக்கிறது.

நான் எட்டு நாளாக
ரப்பரைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன்.

வேறு தட்டு கிடைக்குமா என்று கேட்டாள்.
ஜப்பானில் கிடைக்கும், தை மாசம் வரும் என்றேன்.
பந்தயம் ஞாயிறு.
நகத்தால் குழிகளை மறுபடி மறுபடி வருடினாள்.
குறுக்கே ஓடி அறையைத் தொடவில்லை.
இன்னும் தொடவில்லை.

உள்காடிக்கு ஜப்பான் பாக்கெட்டைப் பிரித்தோம்,
வண்டிக்காரர் விலை கேட்டு இருமினாலும் இருமட்டும்.
வெளிக்காடிக்கு அவள் அச்சில் வார்த்த, ஒட்டில்லாத வளையம்.
அங்கே தீ எட்டாது; தண்ணீரோடு மட்டும்தான் பொழப்பு.
வளையம் நழுவாமலிருக்க வாஸ்லின் தடவி,
பதினெட்டு போல்ட்டையும் மூன்று தவணையாக முறுக்கி,
முறுக்கும்போது பேசவில்லை.

சனி ராத்திரி பதினொன்றேகால்.
முதல் ஸ்டார்ட். வெள்ளைப் புகை.
வாஸ்லின் எரிந்தாலும் வெள்ளைதான்,
தண்ணீர் எரிந்தாலும் வெள்ளைதான்.
கூலண்ட் என்றால் இனிப்பு வாடை வரும்.
வண்டிக்காரர் தள்ளி நின்று
ஏனுங்க, ஏனுங்க என்கிறார்.

சைலன்சர் வாயருகே
நானும் ரேணுகாதேவியும் குனிந்து
மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.