படிவத்தின் பின்பக்கம்

காலை ஆறுக்கு செட்டிகுளம் சந்திப்பு.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பரீட்சை அட்டை, இரண்டு பேனா,
நாள் கூலி ஐந்நூற்றைம்பது.
கார், வேன், பேருந்து, லாரி, ஆட்டோ, இருசக்கரம், மற்றவை
என்று படிவத்தில் ஏழு கட்டம்.
நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும்,
விறகுக்கட்டு மாதிரி.

மற்றவை என்றால் என்ன சார், என்று கேட்டேன்.
டிராக்டர், மாட்டுவண்டி, ரோடு ரோலர், என்றார் வில்பிரட் சார்.
நடக்கிறவங்க?
"அவங்க வண்டி இல்லியே, ஷைனி."
வெட்டூர்ணிமடத்திலிருந்து நடந்து வந்த நான்
செருப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

ஆறு பத்துக்கு
மணக்குடி பஸ்ஸில் வந்திறங்கிய ஐந்து பெண்கள்.
தலையில் அலுமினியச் சட்டி, சட்டியில் சாளை,
சொட்டும் தண்ணீர் வழியெல்லாம் கூடவே வர
மூடாத ஓடையின் ஓரமாக ஒருத்தி பின் ஒருத்தி.
கையில் பேனா சும்மா இருந்தது.
படிவத்தைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
ஐந்து கோடு.

பிறகு நிறுத்த முடியவில்லை.

மட்டிக்குலை இரண்டு, ஏத்தன்குலை ஒன்று கட்டிய சைக்கிளை
மிதிக்காமல் உருட்டிக்கொண்டு போனார் ஒருவர்.
சைக்கிளில் சேர்ப்பதா, நடையில் சேர்ப்பதா?
பாதிப் பாதி போட்டேன்.
இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி: ஒன்றா, ஒன்றேகாலா?
ஊன்றுகோல்காரர் ரோட்டைக் கடக்க
மூன்று முறை இறங்கி மூன்று முறை திரும்ப ஏறினார்.
நாலாவது முறை ஒரு பேருந்து ஓட்டுநர் நிறுத்திக் கையசைத்தார்.
ஒரு கோடுதான் போட்டேன்.
அது போதாது என்று இன்றும் நினைக்கிறேன்.

பள்ளிக்கூட நேரம்.
பதினொன்றாம் வகுப்புக்கு வந்தால் சைக்கிள் கொடுக்கும் சர்க்கார்
அதை ஓட்ட ஒரு முழம் தரை கொடுக்கவில்லை.
லாரியின் பின்சக்கரத்துக்கும் ஓடைக்கும் நடுவே
துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு
பெல்லிலிருந்து விரலை எடுக்காமல் வந்தாள் ஒருத்தி.
நூற்று நாற்பத்திரண்டாவது கோடு.
கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது,
மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டதால்.

மூன்று மணிக்கு மழை.
படிவம் நாற்காலிக்கு அடியில் இருந்தது, நான் நனைந்தேன்.

இரவு எட்டுக்கு முன்பக்கம் நிறைந்திருந்தது.
பின்பக்கம் வழிந்திருந்தது, ஓரங்களில், மூலைகளில், தலைகீழாக,
நடக்கிறவர்களுக்கு அங்கேயும் இடமில்லாமல்.
வில்பிரட் சார் திருப்பிப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
"எம்மா, பின்பக்கம் ஸ்கேன்ல ஏறாது, கேட்டியா."
குரலில் கோபம் இல்லை.
அவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துதான் போனார்.

முன்பக்கம் சென்னைக்குப் போனது.
கோடிக்கணக்கில் பணம் வரும், ரோடு இருபுறமும் அகலமாகும் என்றார்கள்.
பந்தியில் இலையை எண்ணித்தான் சோறு வடிப்பார்கள்.
எங்களுக்கு இலை போடவில்லை.

பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன்.
பிரிண்ட் எடுத்து, திங்கட்கிழமை
கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் நின்றேன்.
வாங்கிய பெண் கண்ணாடியை உயர்த்தி,
இது என்னது, விறகா? என்றாள்.
ஆளுகள், என்றேன்.
ரசீது கொடுத்தாள்.

ஏழு மாதம்.
மருந்துக்கடை முன்னால் ஓடைக்கு மூடி போட்டிருக்கிறார்கள்.
நாற்பது அடி. மஞ்சள் கல், வழுக்காத ரகம்.
நாற்பத்தோராவது அடியில் டிரான்ஸ்பார்மர்.
என் மனுவாலா,
மருந்துக்கடைக்காரரின் மைத்துனர் கவுன்சிலர் என்பதாலா,
தெரியாது.

இன்று காலை
சட்டி சுமந்த ஒருத்தி அதன் ஓரத்தில் நின்று,
காலால் கல்லைத் தட்டிப் பார்த்து, ஏறினாள்.
பதினெட்டு எட்டு.
அதுவரை சட்டியைப் பிடித்திருந்த கையை
நடுவில் ஒருமுறை விட்டாள்.
பிறகு இறங்கினாள், லாரிகளின் பக்கமாக.