தொட்டிக் கணக்கு

ஹால்வோர் என்று சொல்ல
எஸ்டேட்டில் எவனுக்கும் வாய் திரும்பவில்லை.
ஆழ்வார் என்றார்கள்.
அவரும் திரும்பிப் பார்த்தார்.

கடல் மலைக்குள் புகுந்து படுத்திருக்கும் நார்வே.
பத்தொன்பதில் அமெரிக்காவுக்குக் கப்பல்.
அங்கே உறைந்த ஏரியைக் கோடரியால் பிளந்து
முங்கி எழுந்தேன், நேரே சேலம் என்பார்,
நடுவில் பன்றிக் கொட்டடியில் கழிந்த
ஆறு வருஷத்தை விழுங்கிவிட்டு.

தெளித்தால் ஆகாதா என்று கேட்டேன்.
"விதையை மண்மேல் வைத்துவிட்டா போவீர், கணக்கப்பிள்ளை?"

அந்த வருஷம் திருமணிமுத்தாற்றில் மணல் ஓடியது.
ஏற்காட்டு ஏரியை மாடுகள் நடந்தே கடந்தன.
பதினோரு வருஷப் பேச்சுக்கு ஒரே ஒருத்தி,
பழம் பறிக்கும் சடைச்சி,
அப்போதுதானா வந்து
முக்கு என்று நிற்க வேண்டும்?

காபி கழுவும் தொட்டி.
ஊற்றிலிருந்து ஒன்பது நாள் சேர்த்த நீர்.
துரை பட்டணத்தில். சாவி என் இடுப்பில்.

புளித்த தோல் வாடையில், நெஞ்சளவில்,
போனாள், வந்தாள்.
நெற்றியில் பழத்தோல் ஒட்டியிருக்கச் சிரித்தாள்.
அழுதது அவர்தான்,
எங்களுக்குப் புரியாத பாஷையில்.

பேரேட்டில் எழுதினேன்: தொட்டி ஒன்று, காலி.
கழுவிய மூட்டை எத்தனை என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்ததில் ஒரு பொட்டு மை.
துரை அதைச் சைபர் என்று வாசித்தார்.